ரவை என்று எழுதிய ரின்

1

இந்தக் கதை ஒரு உப்புமாவில் தொடங்கியது. பொய். உப்புமா கிண்டப்படவே இல்லை.

நிரூபாவின் ஆண்டுத்திவசத்துக்கு வந்த மாமி தவமணி, காலையில் அலுமாரியிலிருந்து ‘ரவை’ என்று எழுதியிருந்த பால்மாத் தகர ரின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே தோட்டாக்கள். எழுத்து அவருடைய மகளுடையது. மகள் என்பது நிரூபா, என் மனைவி. மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது. வேறு வினைச்சொல் தேடினேன். இல்லை.

(எங்கள் ஊர்த் தமிழில் துவக்குக்கு, அதாவது துப்பாக்கிக்கு, போடுவதும் ரவைதான். எழுதி ஒட்டிவிட்டு நிரூபா தானே சிரித்தாள். “இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது” என்று இங்கே ஒரு வரி இருந்தது. வெட்டிவிட்டேன். வரவில்லை.)

2

கைவிட்ட தொடக்கங்கள்:

“ரொறன்ரோவில் அன்று பனி”

“நிரூபாவின் கைகள் எப்போதும்”

முதல் வரைவில் வேட்டைக்காரன் நான். வாசகர் அதைக் கேள்வி கேட்காமல் நம்புவார் என்பதால். உண்மையில் எனக்குத் துவக்கு உரிமம்கூட இல்லை. நிரூபாதான் சுடுவாள். ரொறன்ரோவில், ரூஜ் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளர். பகலில் குளிசை எண்ணுவாள், பின்னேரம் கராஜில் தானே தோட்டா அடைக்க வெடிமருந்து நிறுப்பாள். இரண்டுக்கும் ஒரே முகம். இலையுதிர்காலத்தில் எங்கள் குடும்ப நண்பர் டெனிஸ்டன் அண்ணையோடும் அவருடைய கூட்டாளிகளோடும் வடக்கே மூஸ் என்கிற பெரிய மான் வேட்டைக்குப் போவாள்.

3

அவள் போட்டது பாரமான சன்னம், தோட்டாவின் நுனியிலிருந்து பறக்கும் குண்டு. இருநூற்றிருபது கிரெய்ன், ஏறத்தாழப் பதினாலு கிராம். சன்னம் என்றால் மெல்லியது என்றும் பொருள் இருப்பதால் ‘பாரமான சன்னம்’ என்று எழுதும்போது கை தயங்குகிறது. இலகுவானது வேகமாகக் கிளம்பும். பாரமானது மெதுவாகக் கிளம்பும், தூரம் போகப்போகக் கூடுதலாகத் தாழும், சுடுபவரின் தோளில் கூடுதலாக உதைக்கும். ஆனால் மூஸின் தோள் எலும்பில் பட்டாலும் நிற்காமல் உள்ளே போகும். காயத்தோடு ஒரு மிருகம் பற்றைக்காட்டுக்குள் ஓடியதை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். அதன்பிறகு இலகுவானதைத் தொடவில்லை.

(இதைத் துக்கத்துக்கு உவமையாக எடுக்க வேண்டாம். நான் மூஸைப் பற்றித்தான் சொல்கிறேன்.)

4

“தம்பி, உது என்ன?”

“தோட்டா, மாமி. நிரூபா அடைச்சது.”

“உங்களுக்கு என்னத்துக்கு?”

“சும்மா கிடக்கு.”

“உதை ஆரும் சும்மா வைச்சிருப்பினமோ? துவக்கு எங்க?”

“டெனிஸ்டன் அண்ணை அப்பவே கொண்டுபோட்டார்.”

மாமி நம்பவில்லை. எல்லா அலுமாரிகளையும் திறந்தார். அரிசி வாளிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார். அப்போதுதான் அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. மகள் போனது போதாதென்று நானும் போய்விடுவேனோ என்று பயம்.

டெனிஸ்டன் அண்ணையை மாமியே போனில் கூப்பிட்டார்.

5

“நீங்கள் கத்தின கத்துக்கு பொலிஸும் நிக்குமெண்டு நினைச்சன், அன்ரி,” என்றபடி டெனிஸ்டன் அண்ணை கராஜுக்குள் வந்தார்.

“பகிடியை விட்டிட்டு உதைப் பாரும்.”

டெனிஸ்டன் அண்ணையைக் கொஞ்சம் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. அவர் கராஜுக்குள்கூடச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வருகிறவர்.

“நீங்களே வேட்டைக்குக் கொண்டுபோங்கோவன், அண்ணை,” என்றேன்.

“உனக்கென்ன விசரே? மற்ற ஆள் அடைச்சதை ஒருத்தரும் சுடுறேல்லை. எவ்வளவு மருந்து போட்டவள் எண்டு அவளுக்குத்தான் தெரியும்.”

“நிரூபா பிழை விடமாட்டாள்.”

“விடமாட்டாள்தான். எண்டாலும் சுடுறேல்லை. நான் அடைச்சதை அவள் ஒருநாளாவது சுட்டவளே?”

தோட்டாவைக் கழற்ற அவரிடம் ஒரு பிளாஸ்ரிக் சுத்தியல் இருந்தது. அதன் தலைக்குள் தோட்டாவை வைத்துச் சீமெந்துத் தரையில் தட்டினால் சன்னம் தன் பாரத்தாலேயே கழன்றுவிடும். முதல் தோட்டா இரண்டாவது தட்டிலேயே வந்துவிட்டது.

“இலகுவானது எண்டால் கை உளையும்வரைக்கும் அடிக்கவேணும். பாரமானது சுகமாய்க் கழரும்.”

(இந்த இடத்தில் நான் எதுவும் எழுதவில்லை.)

அவள் நிறுத்துப் போட்ட மருந்தைச் சாசரில் கொட்டினார். மாமி குனிந்து பார்த்தார்.

“உவ்வளவுந்தானோ?”

“ஓம், அன்ரி. உவ்வளவுந்தான்.”

மாமி என் பக்கம் திரும்பினார். “தம்பி, என்ரை பிள்ளையின்ரை கைபட்டது எண்டுதான் வைச்சிருந்தனீங்களோ? வேறை ஒண்டுக்கும் இல்லையே?”

6

ஒரு வரைவில் நான் உடனே “ஓம்” என்கிறேன். டெனிஸ்டன் அண்ணை மிச்சத்தையும் கழற்றுகிறார், மாமி வீட்டுக்குப் போகிறார். இன்னொரு வரைவில் நான் பேசாமல் நிற்கிறேன், மாமி மாதக்கணக்கில் எங்கள் சோபாவில் படுக்கிறார்.

எது நடந்தது என்று எழுதப்போவதில்லை. “ஓம்” என்று நான் எழுதினால் மாமி நம்புவார். எழுதியவன் நான் என்பதால் நான் நம்பமாட்டேன். அதனால் அந்தப் பதிலை வெளியிலிருந்து ஒருவர்தான் சொல்ல வேண்டும். மாமி மாசிக் குளிரில், கோட்டில்லாமல், கராஜில் காத்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கள், அவருக்கு இடது காது மந்தம்.