ராகு காலத்துக்குள் லினக்ஸ்

லேப்டாப் மூடியில் காய்ந்து கிடந்த குங்குமத்தை யசோதா முந்தானையால் துடைத்தாள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவள் புருஷன் கோவர்த்தனன். விடியலில் நெஞ்சைப் பிடித்தவர், காபி ஆறுவதற்குள் போய்விட்டார்.

"பேனர்க்காரன் போட்டோ கேட்டுக்கினே இருக்கான்மா," என்றான் திருப்பதியிலிருந்து ஓடிவந்த மகன் ஹரிபாபு. "ஆதார்ல இருக்கறத குடுத்துடட்டா?"

"அதுல ஆடு திருடனாட்டம் இருக்காருடா."

ஹரிபாபுவின் போனில் இருந்த படங்களில் அவர் வெறும் கட்டைவிரல். எல்லாப் படத்தையும் எடுத்தவர் அவர்தானே. மற்ற படங்கள் இந்த லேப்டாப்பில் இருந்தன, போன ஆவணி வரைக்கும்.

அப்போதெல்லாம் இது கண் விழிப்பதற்குள் புத்தூர் பாசஞ்சர் அரக்கோணம் போய்த் திரும்பிவிடும். லேப்டாப்பை ஓட்டும் பழைய மென்பொருளை விட்டு, ஓசியில் கிடைக்கிறதே என்று லினக்ஸுக்கு மாறத் துணிந்தார். எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, கிரகப்பிரவேசமே நடத்தினார். ராகு காலம் பிறந்துவிடுமே என்ற பதற்றத்தில், திரை கேட்டதற்கெல்லாம் படிக்காமலே 'சரி, சரி' என்று தட்டினார். பழையதையெல்லாம் அழித்துவிடட்டுமா என்றும் அது கேட்டிருந்தது. கல்யாண நாள் முதல் மொத்தக் குடும்பமும் நல்ல நேரத்தில் அழிந்தது. தை பிறக்கும்வரை யசோதா சுவரோடுதான் பேசினாள். உப்பு வேண்டுமானால் அவரும் சுவரிடமே கேட்டார்.

"தொறக்கத் தெரியுமாம்மா?"

"தெனம் அவரு பாஸ்வேர்டு தட்டறத பாத்துக்கினுதானேடா இருந்தேன்."

திறந்தது. உள்ளே ஒரே ஒரு படம். லினக்ஸ் ஏறிய கையோடு கேமராவைச் சோதிக்க எடுத்தது. நசுங்கிய எலுமிச்சம்பழத்தை ஏந்திக்கொண்டு, நகரி மலையையே கிரயம் பண்ணியவர் போலச் சிரித்தார். என்ன போயிற்று என்று இன்னும் தெரியாத சிரிப்பு. அவர் தலைக்குப் பின்னால், சமையலறை வாசலில், கரண்டி பிடித்த ஒரு கை.

"சோறு ஆறுதுன்னு கூப்டுக்கினு இருந்தேன்," என்றாள்.

ஹரிபாபு படத்தை அனுப்பினான். போன் திரும்ப அடித்தது.

"உசுரோட இருக்கறவங்க அஞ்சலி பேனர்ல வரக்கூடாதாம்மா. உன் கைய அழிச்சிட்டு அடிக்கறேன்றான்."

"அழிச்ச வரைக்கும் போதும். இருக்கட்டும்னு சொல்லு."

சாயங்காலம் பாடை கிளம்பியது. வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். தாரை தப்பட்டைச் சத்தம் தேய்ந்ததும் யசோதா அங்கே கட்டியிருந்த பேனரை அண்ணாந்து பார்த்தாள். காற்றில் அது உப்பும்போதெல்லாம், சிரிக்கிறவர் தலைக்குப் பின்னால் கரண்டி மெல்ல ஓங்கியது, பிறகு இறங்கியது.