மூன்றாம் வகுப்பின் ‘ஆனா’

1

இந்தக் கதை என்னுடையதல்ல, என் அக்காவிடமிருந்து திருடியது. அவள் ஒரு தொடக்கப்பள்ளியில் நடன ஆசிரியை. வெள்ளிக்கிழமை நடந்ததை வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். நான் உரிக்காமல் கேட்டேன். எழுதப்போகிறேன் என்றதும், “எதையாவது கிறுக்கி என் வேலைக்கு உலை வச்சிடாதடா” என்றாள். அதனால்தான் யாருக்கும் பெயர் வைக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘மேகங்கள் கூடியிருந்த அந்தக் காலையில், நடனம் என்னும் மகத்தான…’

வேண்டாம். நடந்தது நான்கு சுவர்களுக்குள். மேகத்துக்கு அங்கே என்ன வேலை?

இரண்டாவது: ‘கதை என்பது உடலின்…’

இதை எழுதியவனை எனக்கே பிடிக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் இரண்டு முறை பேனாவை மாற்றிப் பார்த்துவிட்டு, அக்கா சொன்ன வரிசையிலேயே தொடங்கிவிட்டேன்.

3

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை எழுத வரவில்லை. ‘நரி வந்துச்சு, அப்புறம் போச்சு, அப்புறம் தூங்குச்சு’ என்று ரயில்பெட்டி கோப்பார்கள். அக்கா மேசைகளைச் சுவரோரம் தள்ளினாள். ஒருவர் நடுவில் நின்று கதை சொல்ல, எல்லாரும் ஆட வேண்டும். ‘அப்புறம்’ என்றால் பக்கவாட்டில் ஓர் அடி. ‘ஆனா’ என்றால் ஒரு முழுச் சுற்று. ‘அதனால’ என்றால் முட்டியை மடக்கி ஒரே தாவல். வெறும் அப்புறமாகவே சொல்லிக்கொண்டு போனால் வகுப்பே நண்டு மாதிரி நகர்ந்து சுவரில் முட்டிக்கொள்ளும். கதை எங்கே சப்பென்று போகிறது என்பதைத் தோள்பட்டையே சொல்லிவிடும்.*

(* இங்கே கல்வியைப் பற்றி ஒரு நீளமான பத்தி இருந்தது. அக்கா அடித்துவிட்டாள். “ஒரே அறுவைடா.”)

4

தலைமையாசிரியைக்கு இது வெறும் கூத்தாகப் பட்டது. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன், உருப்படியாக ஒரு கதை வராவிட்டால் நடன வகுப்பு நேரம் கணக்குக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். (இவரைக் கொடுமைக்காரியாக்கலாமா என்று யோசித்தேன். “நல்லவங்கடா அவங்க. மேல இருக்கிறவங்களுக்கு அவங்கதானே பதில் சொல்லணும்?” என்றாள் அக்கா. கைக்கு எட்டிய ஒரு வில்லியும் போனாள்.)

பிள்ளைகளுக்கு இது தெரியாது. அக்காவுக்குத்தான் இரண்டு நாளாய்ச் சாப்பாடு இறங்கவில்லை.

5

வெள்ளிக்கிழமை. தலைமையாசிரியை சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா யாரையும் கூப்பிடுவதற்குள் பம்பரம் நடுவில் வந்து நின்றுவிட்டாள். அது வகுப்பு வைத்த பெயர். சுற்றுவதென்றால் அவளுக்கு உயிர்.

“ஒரு நரிக்குப் பசி. ஆனா சாப்பாடு இருந்துச்சு. ஆனா அது பொம்மைச் சாப்பாடு. ஆனா நரிக்குப் பொம்மைன்னா ரொம்பப் பிடிக்கும். ஆனா…”

சொன்னவள் உட்பட முப்பத்திரண்டு பேரும் சுற்றினார்கள். ஏழாவது ‘ஆனா’வில் பாதிப் பேர் தலை கிறுகிறுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பம்பரம் நேராகப் போய்த் தலைமையாசிரியையின் மடியில் விழுந்தாள். நரி என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

[இங்கே அக்கா அழுததாக எழுதியிருந்தேன். அழவில்லையாம். சிரிப்பை அடக்க மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம்.]

6

தலைமையாசிரியை எழுந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “பிள்ளைங்க நல்லாத்தான் ஆடுறாங்க, டீச்சர். ஆனா…”

நின்றிருந்தவர்கள் எல்லாரும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

“அய்யோ, சுத்தாதீங்க! நான் என்ன சொல்ல வந்தேன்னா, நல்லாத்தான் இருக்கு. ஆனா…”

மறுபடியும் சுற்று. பம்பரம் மட்டும் இரண்டு.

7

கணக்கு வென்றதாக ஒரு முடிவு எழுதினேன். வயிறெரிந்தது, கிழித்துவிட்டேன். தலைமையாசிரியையும் சேர்ந்து ஆடியதாக இன்னொன்று. அது சுத்தப் புளுகு. நடந்தது எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். எனக்கு இந்த நொடி போதும்.

தலைமையாசிரியை மூன்றாம் முறையாக வாயைத் திறக்கிறார். ‘ஆ’ என்று தொடங்கி அப்படியே நிறுத்துகிறார். அடுத்த சொல் என்ன என்று யோசிக்கிறார். உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். எல்லாக் கண்களும் அவர் வாய்மேல்.

“அதனால…” என்கிறார்.

முப்பத்திரண்டு பேரும் தாவிவிட்டார்கள். மீதியை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பிள்ளைகள் அந்தரத்தில் இருக்கிறார்கள்.