சும்மாவை எடுத்துவிடலாம்

...நிற்பது சேராது, தூங்குவதும் சேராது, விழித்திருக்க வேண்டும், உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ இருக்க வேண்டும், உடம்பு கொஞ்சமாகத்தான் சக்தியைச் செலவழிக்க வேண்டும், அவ்வளவுதானே, இதை ஒரே வரியில் அடக்குவதற்குள் குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது, இதில் வேடிக்கை என்னவென்றால், உட்கார்ந்தே இருப்பது உடம்புக்கு என்ன செய்கிறது என்று பேசத்தான் காலையிலிருந்து எல்லோரும் உட்கார்ந்தே இருக்கிறார்கள், அவளுக்கு இடது கால் மரத்துப்போய்விட்டது, மேசைக்கு அடியில் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தாள், இருக்கிறதா போய்விட்டதா... இருக்கிறது. வரையறை முடிந்தது, இனி சொல்தான் பாக்கி. வீடு வீடாகப் போய் மக்களிடம் கேட்கும்போது எந்தச் சொல்லை வைத்துக் கேட்பது? இன்றைக்கு முடிவுசெய்தாக வேண்டும், நாளைக்குக் கேள்வித்தாள் அச்சுக்குப் போகிறது, அப்புறம் வருகிற ஆய்வெல்லாம் அந்தச் சொல்லின் பின்னால்தான் போகும், சொல் கோணலாக இருந்தால் எல்லாமே கோணல்தான். தலைவர் அம்மா ஒவ்வொருவராகச் சம்மதம் கேட்டுக்கொண்டு வருகிறார். இதய மருத்துவர் ஆயிற்று, புள்ளிவிவரக்காரர் ஆயிற்று, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறவர்களின் சார்பில் வந்திருக்கும் அவள் கடைசி நாற்காலியில் இருந்தாள்.

எப்படிச் சொல்வது? வேறு யாராவது போட்ட சொல்லாக இருந்தால் பட்டென்று சொல்லிவிடலாம், இது தலைவரே போட்ட சொல். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'அகராதி' என்று பெயர், சொற்களைச் சேர்க்கிறவர் என்பதற்காகப் பாதி, பிடித்த பிடியை விடமாட்டார் என்பதற்காகப் பாதி. ஆனால் அந்தப் பிடி இல்லாவிட்டால் இந்த மேசையே இல்லை. ஓர் ஆய்வு தொலைக்காட்சி பார்ப்பதை மட்டும் கணக்கில் எடுக்கும், இன்னொன்று உடற்பயிற்சி செய்யாதவர்களை எல்லாம் உள்ளே தள்ளும், ஒருவர் சாணில் அளந்ததை இன்னொருவர் முழத்தில் அளந்துவிட்டு இரண்டையும் எப்படிக் கூட்டுவது? எல்லோரையும் கெஞ்சி, மிரட்டி, ஓரிடத்தில் கொண்டுவந்து வைத்தார். 'சோம்பல் வாழ்க்கை' என்று யாரோ எழுதிவந்தபோது, "இது வரையறை இல்ல, திட்டு" என்று அடித்தாரே, அந்த அடி! இதய மருத்துவர் எகிறிய நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வந்தது. "நான் தினம் காலையில ஓடுறவன், என்னையும் இதுல சேக்கறீங்களா?" "ஓடிட்டு வந்து என்ன டாக்டர் பண்றீங்க?" என்றார் தலைவர். "என்ன பண்றது... உக்காந்து நோயாளிங்களப் பாக்கறேன்..." சொல்லி முடிப்பதற்குள் மருத்துவரின் முகத்தில் அசடு வழிந்தது. போதிய உடற்பயிற்சி இல்லாதது ஒன்று, உட்கார்ந்தே இருப்பது வேறு ஒன்று, ஒரே ஆள் ஓடவும் செய்யலாம், நாள் முழுக்க உட்காரவும் செய்யலாம். யாரையும் மட்டம் தட்டாமல் இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு சின்னக் கேள்வியில் காட்டிவிட்டாரே என்று அன்றைக்கே அவள் சொக்கிப்போனாள். அப்படிப்பட்டவர்தான், பாடப்புத்தக வாடை அடிக்காத சொல் வேண்டும் என்று யோசித்து 'சும்மா உட்கார்ந்திருத்தல்' என்று போட்டார், முதலில் கைதட்டியதும் இவள்தான்.

தட்டிய கை, இரண்டு தெருவில் அதைக் கேட்டுப் பார்த்ததும் சுட்டுக்கொண்டது. ஒரு நாளில் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள்? "சும்மாவா? எனக்கா?" என்று தையல்காரர் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டார், விடிந்ததிலிருந்து அதே முக்காலியில் இருப்பவர். பேருந்து ஓட்டுநர், "வேல வெட்டி இல்லாதவன்னு நெனச்சுட்டியாம்மா?" என்று முறைத்தார். கணக்கு எழுதுகிறவர், காவலாளி, தேர்வுக்குப் படிக்கிற பெண், ஒருவர்கூடச் சும்மா உட்காரவில்லை, உட்கார்ந்தே பிழைக்கிற ஊரில் உட்காருகிறவர் ஒருவரும் இல்லை! "ஜனங்க பொய் சொல்றாங்க" என்று புள்ளிவிவரக்காரர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். பொய்யா? பொய் இல்லை, அந்தச் சொல்தான் பொல்லாதது. 'சும்மா வந்தேன்' என்கிறவன் ஏதோ காரியமாகத்தான் வந்திருப்பான், 'சும்மா இரு' என்றால் வாயை மூடு, 'சும்மா சொல்லக்கூடாது' என்றால் மனதாரப் பாராட்டு, இத்தனை வேடம் போடுகிற ஒன்றைப் பிடித்து அளவுகோலாக நட்டால் நிற்குமா? கேட்ட அத்தனை பேரிலும் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டது ஒரே ஒருத்தி. "நாள் முழுக்கச் சும்மாதான் உக்காந்திருக்கேன், எழுதிக்கோ குட்டி." அவளுடைய அக்கா.

அக்காவா சும்மா உட்கார்ந்திருக்கிறாள்? காலில் சக்கரம் கட்டியவள் என்று வீடே கேலிசெய்யும், நின்றபடியே சாப்பிட்டு, நடந்தபடியே தலை பின்னுகிறவள். அத்தானுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கமும் பேச்சும் போன பிறகு அவருக்கு மிஞ்சியது கண்கள்தான், அந்தக் கண்கள் அக்காவையே பிடித்துக்கொண்டிருக்கின்றன, அவள் எழுந்தால் அவருக்கு மூச்சு ஏறுகிறது, உட்கார்ந்தால் அடங்குகிறது. கட்டிலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அக்கா, அவர் கைமேல் அவள் கை. தெருவில் போகிறவர்களைப் பற்றி ஏதாவது நையாண்டி பேசுவாள், அவர் கண் சுருங்கும், "பாரு, சிரிக்கறார்" என்பாள், வேறு யாருக்கும் அது சிரிப்பாகவே தெரியாது. எப்பேர்ப்பட்ட மனுஷி! ஆனால் பாதம் வீங்கி அவளுடைய செருப்பே அவளுக்கு நுழையவில்லை, சர்க்கரையும் ஏறிவிட்டது, எழுந்து நடக்கச் சொல்லி மருத்துவர் கத்தியும் ஆயிற்று. விழித்திருக்கிறாள், உட்கார்ந்திருக்கிறாள், உடம்பு கொஞ்சமாகத்தான் செலவழிக்கிறது... வரையறைக்குள் அக்கா அச்சாகப் பொருந்துகிறாள். அது தெரிந்த அன்றைக்கு அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அக்காவையும் நாள் முழுக்கத் தொலைக்காட்சி பார்க்கிறவனையும் ஒரே கட்டத்தில் போடுகிற வரையறை என்ன வரையறை? அப்புறம்தான் மெல்ல உறைத்தது. வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் 'நீ தெய்வம்' என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள், தங்கையான இவளும் அதையேதான் சொன்னாள். அந்த வறண்ட வரி ஒன்றுதான் அக்காவைத் திட்டவும் இல்லை, தூக்கிவைக்கவும் இல்லை, யாருக்காக உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்காமல் வீங்கின பாதத்தை மட்டும் பார்த்தது. யாருக்காக என்பது காலுக்கு எப்படித் தெரியும்?

"நீ என்னம்மா சொல்றே?" என்றார் தலைவர். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், மரத்த கால் இப்போது பார்த்துத்தானா குறுகுறுக்க வேண்டும்! "சும்மாவ எடுத்துடலாம் மேடம்." சொல்லிவிட்டாள். "உக்காந்திருக்கற நேரம்னு மட்டும் கேப்போம். வேலைக்கா, ஓய்வுக்கா, யாருக்காக, எதையும் அந்தக் கேள்வியில ஏத்த வேணாம். சும்மான்னு கேட்டா உழைக்கறவங்க கோவிச்சுக்கறாங்க. கோவிச்சுக்காதவங்க..." அதோடு நிறுத்திக்கொண்டாள். புள்ளிவிவரக்காரர் நாற்காலியில் நெளிந்தார். "வெறுமனே உட்கார்ந்திருத்தல்னு வெச்சுக்கலாமே?" "வெறுமனேயும் வேணாம் சார்." தலைவர் பேனா மூடியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார், போச்சு, அகராதி பிடியை விடாது, அகராதியோடு மோதிவிட்டோம்... "கோவிச்சுக்காம, சும்மாதான்னு சொன்னது யாரு?" "எங்க அக்கா மேடம். அத்தான் படுக்கையில இருக்கார், பக்கத்துல உக்காந்து பாத்துக்கறாங்க." தலைவர் தன் தாளில் தன் சொல்லின் மேல் தானே ஒரு கோடு போட்டார், அழுத்தமாக, கொஞ்சம்கூட முகம் சுண்டாமல். "அப்ப தப்பு என்னோடது. ஜனங்க பொய் சொல்லல, நாம கேட்ட கேள்விதான் அவங்களக் குத்தம் சொல்லியிருக்கு. எடுத்துடுங்க. சரி, எல்லாரும் கொஞ்சம் எழுந்து நில்லுங்க, நாமளே நோய்ல விழுந்துடப்போறோம்." தான் பெற்ற சொல்லை இப்படி ஒரே கோட்டில் விட்டுக்கொடுக்க எத்தனை பேரால் முடியும், இந்த அம்மாவை எந்தச் சொல்லில் அளப்பது என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

நடைக்கூடத்து ஜன்னலோரம் நின்றபடி அக்காவைப் போனில் கூப்பிட்டாள், முதல் ஆளாக அவளிடம்தான் சொல்ல வேண்டும், உன்னால் ஒரு சொல் போயிற்று என்று. "என்னக்கா பண்றே?" "என்னத்தப் பண்றது, சும்மாதான் உக்காந்திருக்கேன்." காகிதத்திலிருந்து எடுத்தாயிற்று, அக்கா வாயிலிருந்து எப்படி எடுப்பது? விளக்க வாயெடுத்தாள், அதற்குள் அந்த அறை கண்முன் வந்துவிட்டது, கட்டில், மருந்து மேசை, ஜன்னல், அக்காவின் நாற்காலி... அந்த ஒரு நாற்காலிதான். இரண்டாவது இல்லை. போகும்போதெல்லாம் பழத்தை வைத்துவிட்டு வாசல்படியோரம் நின்றுதானே பேசினாள், பெருமையாகப் பேசினாள், ஒரு தடவையாவது அக்காவை எழுப்பிவிட்டு அதில் உட்கார்ந்ததுண்டா? "அக்கா, நான் இப்ப வரேன். நீ எழுந்து தெரு முனை வரைக்கும் நடந்துட்டு வா." "அவர் விடமாட்டார்டி... நீ இங்க வந்து என்ன பண்ணப்போறே?" "சும்மா உக்காந்திருக்கேன்." நாற்காலி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது, அக்கா எழுந்தாளா, அவர் பக்கம் திரும்பினாளா, தெரியவில்லை.