மேற்கு பார்த்த கூண்டு

பாலாஜி கட்டிய கோழிக்கூண்டைப் பார்க்கத் தெருவே வந்து போனது. அவன் சிப்காட்டில் இரும்பு வேலை செய்யும் ஒரு யூனிட்டில் வெல்டர். அங்கே மிஞ்சிக் கிடந்த கம்பியையும் நீல நிறத் தகர ஷீட்டையும் கேட்டு வாங்கி வந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலையை முடித்துவிட்டான். கூரையும் ஷீட், மூன்று பக்கச் சுவரும் ஷீட். முன்னால் மட்டும் வலை போட்ட கதவு. அவர்கள் ஊர் சானமாவு காட்டை ஒட்டியது. "யானை வந்து முட்டினாலும் அசையாது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

"யானைக்கு எதுக்குங்க கோழி?" என்று அவன் மனைவி முனிலட்சுமி கேட்டாள். வந்தவர்கள் சிரித்தார்கள். பாலாஜி சிரிக்கவில்லை.

கோழி வளர்க்க வேண்டும் என்பது முனிலட்சுமியின் ஆசை. வாடகை வீடுகளில் துளசிச் செடி வைக்கக்கூட இடமில்லாமல் இருந்துவிட்டு, சொந்தமாக வீடும் பின்னால் ஒரு துண்டு நிலமும் வந்ததும் முதலில் அதைத்தான் நினைத்தாள். தான் வேலை பார்க்கும் கம்பெனி லீவு விடும் நாட்களில் பின்வாசலில் நின்று எந்த நேரத்தில் எங்கே வெயில் விழுகிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றெல்லாம் பார்த்து வைத்திருந்தாள். "மேக்க பாத்து கதவு வெக்காதீங்க, ஆடிக் காத்து நேரா உள்ள வரும்" என்று அவனிடம் சொல்லவும் செய்தாள்.

"நான் தெனமும் ட்ராயிங் பாத்து வேல செய்றவன்" என்றான் பாலாஜி. பின்வாசலிலிருந்து பார்த்தால் கதவு அழகாகத் தெரிய வேண்டும் என்று மேற்கு பார்த்தே வைத்தான்.

சித்திரையில் ஒரு மதியம் அவள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அடுப்படிக்குள் போகாமல் நேராகக் கூண்டுக்குப் போனாள். நான்கு கோழிகள் அலகைத் திறந்தபடி செத்துக் கிடந்தன. மிச்சமிருந்தவை இறக்கையை விரித்துக்கொண்டு மூச்சு வாங்கின. உள்ளே கையை விட்டவள் ஷீட்டில் விரல் பட்டதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். செத்ததில் ஒன்று, அவள் தட்டிலிருந்தே சோறு கொத்தித் தின்னும் சாம்பல் பெட்டை.

சாயங்காலம் பாலாஜி வந்து பார்த்தான். "வெள்ளக் கழிச்சலா இருக்கும்" என்றான்.

"கழிச்சல் வந்தா சோந்துபோயி கெடக்கும். காலைல ராகி போட்டப்ப என் கையவே கொத்துச்சுங்க."

"அப்ப பாம்பு வந்திருக்கும்."

"பாம்பு வந்து நாலயும் கொன்னுட்டு திங்காம போச்சாங்க? ஷீட்ட தொட்டுப் பாருங்க. வெந்து செத்திருக்குது."

அவன் தொட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் பழைய டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கூண்டுக்குள் மாட்டினான். மதியம் கரண்ட் போனால் அது சும்மா நின்றது. முனிலட்சுமி சாக்கை நனைத்துக் கூரைமேல் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது சாக்கு சுருட்டி மூலையில் எறியப்பட்டிருந்தது.

"துரு புடிக்கும்" என்றான் பாலாஜி.

கோழி சாகலாம், ஷீட்டு துருப்பிடிக்கக் கூடாதா? அந்தக் கேள்வியைப் பாத்திரம் கழுவும்போது பாத்திரங்களிடம் கேட்டாள்.

ஆடி வந்தது. அவள் சொன்ன காற்று சொன்ன திசையிலிருந்தே வந்தது. கூடவே நாள் முழுக்க விடாத தூறல். வலைக் கதவு வழியாகச் சாரல் அடித்து, தரையில் பரப்பியிருந்த உமி சேறாகிவிட்டது. புதிதாகப் பொரித்த குஞ்சுகள் அதில் நனைந்து நின்றன. பாலாஜி யார் கல்யாணத்துக்கோ அடித்த ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கொண்டுவந்து கதவை இறுக்கி மூடினான். உள்ளே சாரல் வருவது நின்றது, காற்று வருவதும் நின்றது. கூண்டைத் திறந்தால் எச்ச நெடி கண்ணைக் கரித்தது. குஞ்சுகளின் கண்ணெல்லாம் நீர் வடிந்தது; ஒவ்வொன்றாகச் செத்தும் போயின.

முனிலட்சுமி இனி அவனிடம் சொல்லிப் பயனில்லை என்று முடிவு செய்தாள். தன் கம்பெனியில் கழித்துப்போட்ட பேக்கிங் கட்டைகளைக் கேட்டு வாங்கி மினி வேனில் ஏற்றி வந்தாள். ராயக்கோட்டை ரோட்டில் லேஅவுட்காரர்கள் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, குப்பையாகப் போகவிருந்த நாட்டு ஓடுகளை அள்ளி வந்தாள். புதிதாக வாங்க வேண்டியது கொஞ்சம் கம்பி வலை மட்டும்தான். தரையிலிருந்து உயர்த்தி, நாலு பக்கமும் வலை விட்டு, மேலே ஓடு போட வேண்டும். மழைக்கும் மார்கழிப் பனிக்கும் சாக்குப் படுதா போதும். எல்லாம் அவள் மனதில் தெளிவாக இருந்தது.

"இருக்கற கூண்டு நல்லாத்தானே இருக்குது? இன்னொன்னு கட்டினா ஊருல சிரிப்பாங்க" என்றான் பாலாஜி. கட்டைகள் சுவரோரம் அடுக்கியபடியே கிடந்தன. சேறு படாமலிருக்க அதில் இரண்டை இழுத்துப் போட்டு, அவன் தன் பைக்கை அதன்மேல் நிறுத்தினான்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, அவன் யூனிட்டில் மூத்தவரான தீர்த்தகிரி தன் மனைவி சென்னம்மாளோடு வந்தார். பர்கூர் பக்கம் அவர்கள் புதுவீடு கட்டியிருந்தார்கள். பாலாஜியின் கூண்டைப் பற்றி யூனிட்டில் கேட்டுக் கேட்டு, அதே மாதிரி ஒன்று கட்டிவிட முடிவு செய்திருந்தார்கள். பாலாஜி காலையிலேயே ஃப்ளெக்ஸை அவிழ்த்து, கூண்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தான்.

"எல்லாம் வெல்டிங்ணா. ஒரு ஆணி கெடையாது" என்று ஷீட்டைத் தட்டிக் காட்டினான்.

தீர்த்தகிரி டேப்பை எடுத்து நீள அகலம் அளக்கத் தொடங்கினார். டீ கொண்டுவந்த முனிலட்சுமியிடம் சென்னம்மாள், "உள்ள ஒண்ணு ரெண்டுதான் தெரியுது. மீதியெல்லாம் மேயப் போயிருக்குதா, கண்ணு?" என்று கேட்டாள்.

பாலாஜி முனிலட்சுமியைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பர்கூர் பாறையும் அந்த வெயிலும் அவள் கண்முன் வந்தன. இங்கேயாவது ராத்திரியில் குளிரும், அங்கே பாறைச் சூடு விடியும்வரை தணியாது.

"மேயப் போகலீங்கக்கா. வெயில்ல நாலு வெந்து செத்துடுச்சு. குஞ்செல்லாம் மழைல போயிடுச்சு" என்றாள். "நீங்க இந்த மாதிரி கட்டாதீங்க."

டேப் சர்ரென்று உள்ளே சுருண்டது. தீர்த்தகிரி டீயைக் குடித்துவிட்டு மழை வரும்போல இருக்கிறது என்றார். கிளம்பும்போது சென்னம்மாள் சுவரோரத்துக் கட்டைகளைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டாள். முனிலட்சுமி தன் யோசனையை முழுக்கச் சொன்னாள்.

அவர்கள் போனதும் பாலாஜி வெடித்தான். "வூட்டுக்கு வந்தவங்க முன்னாடி மானத்த வாங்கிட்ட!"

"உங்க மானத்துக்கு அவங்க கோழியும் சாவணுமா? எத்தினி தடவ சொன்னேன் உங்ககிட்ட? ஒரு தடவயாச்சும் கேட்டீங்களா?"

அடுத்த லீவு நாளில் முனிலட்சுமி அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனாள். சட்டமெல்லாம் வெல்டிங்தான் என்றாலும் ஷீட்டை போல்ட் போட்டுத்தான் மாட்டியிருந்தான். முதல் போல்ட்டே அசைய மறுத்தது. முழு பலத்தையும் கொடுத்துத் திருகியதில் ஸ்பேனர் நழுவி விரல் முட்டியைப் பெயர்த்துவிட்டது. வலியைவிடக் கோபத்தில்தான் கண்ணில் நீர் வந்தது. ஸ்பேனரைத் தூக்கி எறிந்தாள்.

பாலாஜி வந்து அதை எடுத்தான். "அப்பிடி திருப்பினா வராது" என்றான். அவள் விரலைப் பார்த்துவிட்டு போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினான்.

அன்று முழுக்க வேலை செய்தார்கள், அன்று முழுக்கச் சண்டையும் போட்டார்கள். சட்டம் ஓட்டுப் பாரம் தாங்காது என்றான். தாங்கியது. உயரம் வேண்டாம் என்றான். அவள் விடவில்லை, திட்டிக்கொண்டே சட்டத்துக்கு இரும்புக் கால் வைத்து வெல்டிங் அடித்தான். இரும்புச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு சுவர் ஷீட்டுகளை எடுத்து வலை கட்டினார்கள். பேக்கிங் கட்டையில் தளம் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கூண்டைத் தூக்கிக் கதவு கிழக்கே வருமாறு திருப்பி வைத்தார்கள்.

கார்த்திகைப் பனியில் கோழிகள் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் சுகமாக அடைந்தன. முட்டையும் வைத்தன. ஒரு காலை முனிலட்சுமி புது உமி பரப்பிக்கொண்டிருந்தாள். பின்வாசலில் பாலாஜி தீர்த்தகிரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஷீட்டே வேணாம்ணா, உங்க ஊரு வெயிலுக்கு ஆவாது. ஓடு போடுங்க. கதவ மேக்க வெக்காதீங்க. காத்து வந்துபோவணும்ணா, நான் மொதல்ல இருந்தே அதத்தானே சொல்லிகினு இருக்கறேன்?"

முனிலட்சுமி உமிக்கூடையைக் கீழே வைத்தாள்.

"அண்ணா!" என்று போனில் கேட்கும்படி கத்தினாள். "அவுரு சொல்றபடியே கட்டுங்க. ஆனா மொதல்ல சொன்னது யாருன்னு சென்னம்மாக்காகிட்ட கேட்டுக்குங்க!"

போனுக்குள் யாரோ சிரித்தார்கள். ஆண் சிரிப்பில்லை. பாலாஜி போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். ஏதாவது சொல்வான் என்று அவள் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். ஒரு வார்த்தைதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"ஷிப்டுக்கு நேரமாவுது" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான்.

முனிலட்சுமி கூடையை எடுத்து மிச்ச உமியையும் கொட்டினாள். கொட்டிய வேகத்தில் கோழிகள் கத்திக்கொண்டு நாலாபக்கமும் சிதறின.