காளையின் காலைப் பிடித்திருந்தவன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜோக்காகத்தான் கிடைத்தது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒருவர் சொன்னார்: கல்வராயன் மலையில் காளைக்குக் காயடிக்கப் போன இடத்தில், பின்னங்காலைப் பிடித்திருந்தவனுக்கே காயடித்துவிட்டதாம் காளை. கடையே சிரித்தது.

(காளையை எடுத்துவிட்டு, மலைப்பாதையில் பைக் டேங்கில் இடித்துக்கொண்டான் என்று மாற்றிப் பார்த்தேன். அப்படியானால் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். அவனும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். கதையே இருக்காது.)

2

அவன் பெயர் சக்கரவர்த்தி. அப்போது கல்யாணமான புதிது. உதை விழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்ததால் அவனும் சிரித்துவைத்தான். வீட்டுக்கு வந்து படுத்தபின் விதைப்பை வீங்கிக் கறுத்தது. மனைவி வளர்மதி, கீழே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினாள். நர்சம்மா சிரிப்பாள் என்றான். அவள்தான் ஆமணக்கு இலையை வாட்டி ஒத்தடம் கொடுத்தாள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டான். வீக்கம் வடிந்தது. இரண்டும் சுருங்கிப்போயின.

பிள்ளை இல்லாமல் வருடங்கள் ஓடிய பிறகு, மலையிலிருந்து சின்னசேலத்துக்கு இறங்கி, அங்கிருந்து சேலத்துக்குத் தனியாகப் போய்க் காட்டினான். விந்தில் உயிரணுவே இல்லை என்றார் டாக்டர். அடிபட்ட அன்றே வந்திருந்தால் கிழிந்ததைத் தைத்து ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். அவர் சிரிக்கவில்லை. அதைக் கவனித்தபோது சக்கரவர்த்திக்கு [இல்லை, இந்த வாக்கியம் வேண்டாம். அவனுக்கு இரக்கம் தேடித் தருகிறது.]

3

வந்தவன் வளர்மதியிடம்கூடச் சொல்லவில்லை. அவன் அம்மா சாலம்மாள் மருமகளை வாய்க்கு வந்தபடி ஏசும்போதெல்லாம் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் எழுத வேண்டியிருக்கிறது.

இப்போது வளர்மதியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவனுக்கு வேறு பெண் கட்டிவைப்பது பற்றிப் பேச ஊர் கூடியிருக்கிறது.

"எத்தினி வருசமா பாத்துக்கினே இருக்கறது? எம் புள்ளைக்கு இன்னா கொறை?" என்கிறாள் சாலம்மாள்.

வளர்மதி சத்தியத்தை மீறவில்லை. "அத உங்க புள்ளையவே கேளுங்க," என்கிறாள்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்புகிறார்கள். அன்று சிரித்த அதே முகங்கள்.

4

முதல் முடிவு: அவன் உண்மையைச் சொல்கிறான். எழுதிப் பார்த்தேன். "எனக்குத்தான்..." என்பதற்குமேல் அவன் வாய் திறக்கவில்லை.

இன்னொன்று: வளர்மதியே போட்டு உடைக்கிறாள். எழுதியதை அடித்துவிட்டேன். அவன் செய்ய வேண்டியதையும் அவள் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

மற்றொன்று: அவன் வாயே திறக்கவில்லை, அவள் துணிமணியை மூட்டை கட்டுகிறாள். எழுத இதுதான் சுலபமாக வந்தது. எனக்கே கசந்தது.

மூன்றையும் விட்டுவிட்டேன். கூட்டம் இன்னும் கலையவில்லை. வளர்மதி காத்துக்கொண்டு நிற்கிறாள். யாராவது சிரிக்கிறார்களா என்று சக்கரவர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறான். டீக்கடை ஜோக்கைப் படித்தபோது உங்கள் உதடும் கொஞ்சம் விரிந்ததுதானே. அடுத்தது உங்கள் முகம்.