சுண்ணாம்பு தடவாத கலயம்

என் கணவர் ஜெயசிங் இறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில், லெந்து என்கிற தவக்காலத்து நான்காம் ஞாயிற்றுக்கிழமை. கருங்கல் பக்கம் எங்கள் ஊர். நான் சபைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகளுக்குத் தினமும் எழுதக் கற்றுக்கொடுக்கிற எனக்கு இதை எழுத ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அவர் பட்டாளத்துக்குப் போய் வந்தவர். துப்பாக்கி பிடித்ததில்லை, பர்மா எல்லையில் மலையை வெட்டி ரோடு போட்டவர்களில் ஒருவர். அங்கே ஒரு மழைநாளில் மண் சரிந்து ஏழு பேர் உள்ளே போனார்கள். அதில் கிருஷ்ணமணி என்கிற திற்பரப்புக்காரன் இவருடைய கூடாரத்தில் கூடப் படுப்பவன். தோண்டிக்கொண்டிருக்கும்போதே மேலே இன்னும் சரியத் தொடங்கியது. எல்லாரும் விலகும்படி உத்தரவு வந்தது. இவரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு விலகினார். அப்போது மண்ணுக்குள்ளிருந்து, "ஜெயசிங்கே, வந்தியா?" என்று கேட்டதாம். இரண்டு முறை.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் குரல் அவருக்குக் கேட்டது. பக்கத்தில் ஆள் பேச்சு ஓய்ந்தால் போதும். கல்யாணமாகி ஓர் ஆண்டு என்னிடம் மறைத்தார். பிறகு ஒரு மத்தியானம் சொன்னார்.

"குடிச்சா அவன் சத்தம் தூரமாப் போவுது, லீலா. ஆத்துக்கு அக்கரையில நிண்ணு விளிக்க மாதிரி. குடிக்கலைன்னா கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கான்."

"குடிகாரருக்குச் சாக்குக்கா பஞ்சம்?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

எங்கள் பக்கத்தில் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பனையில் கட்டினால் இறங்குவது அக்கானி என்கிற பதநீர். இனிப்பாக இருக்கும், சபையார் தங்கள் பிள்ளைகளுக்கே கொடுப்பார்கள். தடவாமல் கட்டினால் கள். மரம் ஒன்றுதான், பாளையும் ஒன்றுதான். பனையேறி யேசுரத்தினம் இவருக்கென்று இரண்டு கலயம் சுண்ணாம்பு தடவாமல் கட்டிவந்தான். யாராவது கேட்டால் அக்கானி என்பான். போகப் போக இரண்டு கலயம் ஐந்தாயிற்று. பனை சுரக்காத மாதங்களில் சாராயம். காலையில் எழுந்ததும் அவர் கை ஆடும். ஒரு தேங்காய்ச் சிரட்டை கள் உள்ளே போன பிறகுதான் சட்டைப் பொத்தானைப் போட முடியும்.

குடிக்கிறவருக்குச் சபையில் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்து கிடையாது. ஒவ்வொரு முறையும் நான் மட்டும் எழுந்துபோய் முழங்காலிட்டு வருவேன். முதுகில் ஊர் முழுவதும் பார்ப்பதுபோல் இருக்கும். அந்த லெந்து மூன்றாம் ஞாயிறு கழிந்ததும், "நானா கள்ளா, சொல்லுங்க. இல்லைன்னா மார்த்தாண்டத்துக்கு எனக்க அம்மைகிட்ட போறேன்" என்றேன்.

"செரி, உனக்க ஆசைக்கு நிறுத்துகேன். அவன் வந்து விளிச்சா நீயே பேசிக்க" என்றார்.

புதன்கிழமை ஆராதனையில், இனித் தொடுவதில்லை என்று உறுதிமொழிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். எங்கள் சபையை நடத்துகிற உபதேசியார் ஞானதாசன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் அழுதேன், சந்தோஷத்தில்.

வியாழன் முழுக்க வியர்வையும் நடுக்கமும். வெள்ளியன்று சுவரில் எறும்பு ஏறுகிறது என்று கையால் தட்டிக்கொண்டேயிருந்தார். சுவரில் ஒன்றுமில்லை. சனிக்கிழமை என்னைத் தெரியவில்லை. தரையை நகத்தால் தோண்டினார். மத்தியானம் வலிப்பு வந்தது. உபதேசியாரும் நாலு பேரும் வந்து துவர்த்துத் துண்டால் அவர் கைகளைக் கட்டிலோடு கட்டிவிட்டு ஜெபித்தார்கள்.

"ஆசுபத்திரிக்குக் கொண்டு போகலாமா?" என்றேன்.

"பிசாசு சும்மாவா போவும், டீச்சர்? போவும்போ ஆளைப் புரட்டிப் போட்டுட்டுத்தான் போவும். இது நல்ல அடையாளம். உறுதியா நில்லுங்க" என்றார் உபதேசியார்.

ஞாயிறு காலை எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அடுக்களை வாசலில் யேசுரத்தினம் கலயத்தோடு நின்றான்.

"டீச்சரம்மா, ஒரு சிரட்டை குடுங்க, போதும். எனக்க அப்பனை இப்பிடித்தான் கொண்டு போச்சு. பட்டுனு நிறுத்தப்பிடாது. பைய பையத்தான் குறைக்கணும்."

"இது அக்கானியா?"

அவன் கலயத்தைப் பார்த்தான். "அக்கானின்னே வச்சுக்கிடுங்க. மணத்திப் பாக்காம குடுங்க."

அவன் எனக்காக ஒரு பொய்யைக் கொண்டுவந்து நீட்டினான். நான் அதை வாங்கியிருக்கலாம். கர்த்தருக்கு முன்னால் அந்தப் பாவம் அவனுடையதாக இருந்திருக்கும். நான் கலயத்தை வாங்கி முகர்ந்தேன். புளித்த வாடை.

"உனக்க கலயந்தான் அவரை இந்தக் கோலத்துல ஆக்கிச்சு" என்று சொல்லி வாழை மூட்டில் கொட்டினேன்.

"செரி, டீச்சரம்மா" என்று வெறும் கலயத்தை எடுத்துக்கொண்டு போனான்.

வாடை வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். உள்ளே போனபோது அவர் கண் தெளிந்திருந்தது. நான்கு நாளில் முதல் தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"லீலா, ஒரு வாய். ஒரே ஒரு வாய்."

"நாலு நாள் ஜெயிச்சாச்சு. இன்னும் கொஞ்சம் பொறுங்க."

"உனக்குக் கேக்கலியா? இந்தா, பக்கத்துலதான்."

"ஒண்ணும் கேக்கலை."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைக் கட்டிலுக்குக் கீழே திருப்பி, எனக்கென்று இல்லாத ஒரு தணிந்த குரலில், "வந்துட்டேன் மக்கா" என்றார். அடுத்த வலிப்பு வந்தது. கோயிலில் கடைசிப் பாட்டு முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கட்டிய துவர்த்தை அவிழ்க்க எனக்கு விரல் வரவில்லை.

விடுதலை பெற்றவராகப் போனார் என்று அடக்க ஆராதனையில் உபதேசியார் சொன்னார். சில மாதம் கழித்துக் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், கம்பவுண்டர் பேச்சுவாக்கில் கேட்டார்: "குடியை ஒரேயடியாவா நிறுத்தினீங்க?" நான் ஆமென்றேன். அவர் மாத்திரையை எண்ணுவதை நிறுத்தினார். பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

பிறகு பள்ளிக்கூடம் இல்லாத மத்தியானங்களில் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கட்டிலருகே தரையில் காது வைத்துப் படுப்பேன். அவரோ, கிருஷ்ணமணியோ, யாராவது கூப்பிடமாட்டார்களா என்று. ஒரு சத்தமும் வந்ததில்லை.

போன மாதம் பெண்கள் கூட்டத்தில் கர்த்தர் செய்ததைச் சாட்சி சொல்ல என்னை எழுப்பினார்கள். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று நின்றேன்.

"அவர் சாகும்போது என்கிட்ட ஒரு வாய் கேட்டார். என் கைக்கு அது வந்தது. நான் கொடுக்கலை."

"ஸ்தோத்திரம்!" என்றார் உபதேசியார். பெண்கள் எல்லாரும், "ஆமென்" என்றார்கள். நான் மேலே சொல்ல வாயெடுத்தபோது அவர் பாட்டைத் தொடங்கிவிட்டார். பக்கத்திலிருந்த சொர்ணம்மாள் கண்ணீரோடு என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"எனக்க ஆளும் வாற புதன்கிழமை புத்தகத்துல ஒப்புப் போடுகாரு, டீச்சர். கட்டிப் போடணும்னா வந்து நிப்பியளா? உங்களுக்கத் தைரியம் எனக்குக் கெடையாது."

"கட்டாத. கொஞ்சம் குடு" என்றேன்.

பாட்டுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அவளும் பாடத் தொடங்கினாள். நான் அவள் காதருகே குனிந்து இன்னொரு முறை, உரக்க, சொன்னேன்.