ஓடிக்கொண்டிருந்த புரோகிராமும் ஒரு முகூர்த்தமும்

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிம்மதியாகச் சொல்லலாம்.

தொண்ணூற்றி நாலாம் வருஷம், ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. கல்லிடைக்குறிச்சியில் மதுமதிக்குக் கல்யாணம். பல்கலைக்கழகத்தில் நானும் அவளும் ஒரே அறையில் ஆராய்ச்சி செய்தவர்கள். துறையே வேன் பிடித்துப் போயிருந்தோம். கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளர் தேவசிகாமணி சாரும் அறையின் ஒரே சாவியோடு வந்திருந்தார். இரண்டாவது இட்லிக்குச் சாம்பார் ஊற்றும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாயிறு காலை பத்து மணி முதல் நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்தம் என்று வெள்ளிக்கிழமையே துறைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்தும் அவளிடம் சொல்ல மறந்திருந்தேன்.

அங்கே பெரிய கம்ப்யூட்டரில் மதுமதியின் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண லீவு போட்ட அன்று ஓட விட்டது. பத்தொன்பது நாள் ஆகிறது. பாபநாசம் அணையில் எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் திறந்தால் கடைமடை வயல் வரை எட்டும் என்ற கணக்கு. அவளுடைய முனைவர் பட்டமே அதில்தான் இருந்தது. அந்தப் புரோகிராம் தானாக எதையும் சேமிக்காது. யாராவது அதனோடு இணைந்து 'எஸ்' தட்ட வேண்டும். 'க்யூ' தட்டினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் நின்றுவிடும். அப்படி எழுதி வைத்த மகராசி அவளேதான்.

மணி எட்டே முக்கால். வேனில் திரும்பிப் போனால் பத்து மணிக்குள் போய்ச் சேர முடியாது. பட்டுப்புடவையில் இருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏட்டி ரீபா, இதை இப்பவா சொல்லுத?" என்று எழுந்தவள், மேற்கொண்டு திட்டக்கூட நேரமில்லாமல் உள்ளறைக்கு ஓடினாள்.

லீவில் வேலை பார்க்கலாம் என்று துறையின் பழைய டெர்மினல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். கல்யாண வேலையில் அதன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. திரை கிடையாது, தாளில்தான் அடிக்கும். அதன் தலையில் இரண்டு ரப்பர் கிண்ணங்கள். எண்ணைச் சுழற்றி, மறுபக்கம் கம்ப்யூட்டர் கூவியதும் டெலிபோன் ரிசீவரை அந்தக் கிண்ணங்களில் அமுக்க வேண்டும். தட்டும் எழுத்து சத்தமாகிப் போகும். வரும் சத்தம் எழுத்தாகி விழும். அதைப் பிரித்து மாட்டி லைன் கிடைக்கவே ஒன்பதரை ஆகிவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே பந்தலில் அம்பலவாணன் அண்ணாச்சியின் நாதஸ்வரமும் இரண்டு தவிலும். மதுமதி தன் பெயரை அடித்தாள். தாளில் என்னென்னவோ கிறுக்கலாக விழுந்து, இணைப்பு அறுந்தது.

"மேளச் சத்தமும் எழுத்தாப் போகுது. இப்படியே உள்ள போனா தவிலே க்யூவத் தட்டிரும்" என்றாள்.

நான் பந்தலுக்கு ஓடி, கரண்ட் நிறுத்தம் முதல் எல்லாவற்றையும் சொல்லி, மேளத்தைக் கொஞ்சம் நிறுத்தக் கேட்டேன். அம்பலவாணன் அண்ணாச்சிக்கு வந்ததே கோபம்!

"கல்யாண வீட்டுல மங்கள வாத்தியத்த நிறுத்தச் சொல்லுதீயளே, நல்லாருக்கா?"

மதுமதியின் அம்மா பிரம்மநாயகி, "அந்தப் பொட்டியத் தூக்கி ஆத்துல போடுங்க" என்றார்.

மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து வந்தார். கோமதிசங்கர், தச்சநல்லூர்க்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரும் மதுமதியும் பேசியதே பெண் பார்த்த அன்று பத்து நிமிஷம். கல்யாணத்துக்குப் பிறகும் ஆராய்ச்சியைத் தொடர விடுவாரா என்று கேட்க அன்று இவளுக்கு வாய் வரவில்லை. அந்தக் கவலையிலேயே பத்தொன்பது நாளும் போனில் என்னைப் படுத்தி எடுத்திருந்தாள்.

"சத்தமில்லாம எவ்வளவு நேரம் வேணும்?" என்று என்னிடம் கேட்டார்.

"கால் மணி நேரம்."

அவர் அம்பலவாணன் அண்ணாச்சியைப் பார்த்தார். "அண்ணாச்சி, மேளம் நிக்க வேண்டாம். மாப்பிள்ளை போற எடத்துக்கு மேளமும் வரணும்லா?"

"அதான முறை."

"அப்ப வாங்க. தெருக்கோடிப் பிள்ளையார இன்னொரு தடவ கும்பிட்டுட்டு வருவோம்." என்னிடம் திரும்பி, "முடிஞ்சதும் ஆள் அனுப்புங்க. அதுவரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கேன்" என்றார்.

மேளம் முன்னே போக, பாதிக் கல்யாணம் பின்னே போனது. மிச்சப் பாதியை நான் மிரட்டி வாயடைத்தேன். பாத்திரம் உருட்டிய சமையல்காரரைக்கூட விடவில்லை.

தேவசிகாமணி சார் பட்டுச்சட்டையோடு தரையில் உட்கார்ந்து ரிசீவரை அமுக்கிக்கொண்டார். இந்தத் தடவை பெயரும் கடவுச்சொல்லும் சுத்தமாகப் போயின. ஓடுகிற புரோகிராமை நிறுத்தாமல் அதனோடு டெர்மினலை இணைக்கும் கட்டளையை மதுமதி அடித்தாள். தாள் சும்மா இருந்தது. பிறகு ஒரு வரி விழுந்தது. அடுத்து இன்னொரு வரி. ஓடிக்கொண்டிருந்தது! கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு 'எஸ்' தட்டினாள். சேமித்தாயிற்று என்று தாளில் வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. புரோகிராமை அதன் பாட்டுக்கு ஓடவிட்டு, பைய இணைப்பிலிருந்து வெளியே வந்தாள். நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். தேவசிகாமணி சாரும் கொஞ்சம் குதித்தார்.

"முகூர்த்தம் பத்தரைக்கு முடியுது. மாப்பிள்ளை எங்கட்டி?" என்று பிரம்மநாயகி அம்மா வந்து நின்றபோது மணி பத்தேகால். ஆள் அனுப்ப மறந்துவிட்டேன்.

"நானே போய்க் கூட்டிட்டு வாரேன்" என்றாள் மதுமதி.

"பொண்ணு தெருவுல ஓடுததாவது!" என்று அவள் அம்மா சொல்லி முடிப்பதற்குள் பந்தலைத் தாண்டிவிட்டாள். நானும் பின்னால் ஓடினேன்.

கோயிலில் சொந்தக்காரர்கள் அலுத்துப்போய்ப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்பலவாணன் அண்ணாச்சி வியர்த்து ஊற்றியும் வாசிப்பை விடவில்லை. மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துப் பதினேழாவது சுற்றில் இருந்தார். அவளைக் கண்டதும் நின்றார்.

"ஆயிட்டா?"

"ஆயிட்டு. வாங்க, உங்களக் கூப்பிடத்தான் வந்தேன்."

தெருவே பார்க்க, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர் குனிந்து கேட்டது மேளத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

"நாளைக்குக் கரண்ட் வந்துரும்லா? விட்ட எடத்துலேருந்து ஓட்டணுமே. நாம எந்த பஸ்ஸுல போவோம்?"